டிரஸ்ஸின் அடியில் ராஜமேரி நிற்கவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான்தான். 1986-இல் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டபோது, மேலே இரண்டு டன் மணல் மூட்டை தொங்க, அடியில் என் அக்கா ராஜமேரி கைகட்டி நின்றாள் என்று இருபது வருடமாகக் கண்ட இடத்திலெல்லாம் அளந்துவிட்டிருக்கிறேன். கேட்டவர்கள் 'அடேயப்பா' என்றார்கள். அந்த அடேயப்பாவுக்கு ஆசைப்பட்டுக் கதையாகவே எழுதி அவளுக்கு அனுப்பினேன்.

ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினாள்: "நான் நிக்கலடா. நின்னவர வெளிய அனுப்புனன். அத எழுத உனக்குத் துப்பில்லையா?"

2

சரி, மறுபடியும் தொடங்குகிறேன்.

பாரம் ஏற ஏற மரம் முனகியது. ராஜமேரியின் நெற்றியில் வியர்வை…

(மரம் முனகவில்லை. வியர்வை உண்டு. மே மாதம்.)

பெண்பிள்ளை கணக்குப் போட்ட கூரை என்று ஊரே சிரித்த…

(ஊர் சிரிக்கவில்லை. ஊருக்குத் தக்காளி பறிக்கிற வேலை இருந்தது.)

ஆகவே உள்ளது உள்ளபடி. தேக்கு வாங்க வழியில்லாததால் தைலமரத்தில் டிரஸ்* வரைந்தவள் ராஜமேரி. கட்டட டிப்ளமோ முடித்து அவள் தனியாகப் போட்ட முதல் கணக்கு அது. மரத்தை அறுத்து, இழைத்து, போல்ட் முடுக்கியவர் தச்சர் மதலைமுத்து. கூரை உறுதியானது என்று சான்று தர வேண்டிய அதிகாரி தைலமரம் என்றதும் முகத்தைச் சுளித்தார். பாரம் ஏற்றிக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார். அவரால் வர முடிந்தது அந்த வாரம் மட்டும்தான். சான்று கிடைக்காவிட்டால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்காது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு உட்கார வேறு இடம் கிடையாது.

* கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம். நல்ல தமிழில் ஒரு சொல் தேடினேன். மதலைமுத்து சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

3

சோதனை முறையை அவளும் அதிகாரியும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். கூரை தாங்க வேண்டிய பாரத்துக்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஏற்ற வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் அது தொங்க வேண்டும். எவ்வளவு வளைகிறது என்று அளக்க வேண்டும். பிறகு இறக்கி, ஒரு நாள் விட்டு, வளைந்ததில் முக்கால் பங்காவது நிமிர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

(வாசகரே, இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. தாங்கினால் போதாது, நிமிரவும் வேண்டும் என்பது தெரியாமல்தான் இத்தனை வருடம் கதை அளந்திருக்கிறேன்.)

சுவரேறி நின்ற டிரஸ்ஸுக்கு அடியில், தரையில் அவள் சுண்ணாம்புக் கோடு போட்டாள். யாரும் தாண்டக் கூடாது. பாதி மூட்டை ஏறியபோது மதலைமுத்து கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றார்.

"மாமா, வெளிய வாங்க."

"நான் செஞ்ச டிரஸ்ஸு இது. முப்பது வருசமா, செஞ்சதுக்கு அடியில நின்னுதான் வூட்டுக்காரங்ககிட்ட ஒப்படைக்கறன். நீ மூட்டைய ஏத்தச் சொல்லு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "நிக்கட்டும்மா, அவ்ளோ நம்பிக்கை அவருக்கு. நீயும் போய் நின்னீன்னா நான் தைரியமா கையெழுத்துப் போடுவேன்."

(என் பொய் இங்கேதான் புகுந்தது. அவள் போய் நின்றிருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!)

ராஜமேரி மேலே பார்த்துக் கத்தினாள்: "மூட்டைய நிறுத்துங்க. எல்லாரும் சாரத்தவுட்டு எறங்குங்க."

"மத்தியானத்துக்குள்ள ஏத்தி முடிக்கலன்னா நான் பஸ் ஏறிடுவேன்" என்றார் அதிகாரி.

"சரிங்க சார்."

4

அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. முதல் வரைவில் இந்த அரை மணியை வெட்டி எறிந்திருந்தேன். அவள் வாழ்க்கையிலேயே நீளமான அரை மணி அதுதான். பயந்தாள். பிள்ளைகளின் படிப்பைத் தன் பிடிவாதம் கெடுத்துவிடுமோ என்று தவித்தாள். ஆனாலும் இம்மி அசையவில்லை.

"எம்மேல நம்பிக்கை இல்லியா மேரி?" மதலைமுத்து கோட்டுக்குள் நின்றபடியே கேட்டார்.

"உங்க கை மேல இருக்குதுங்க மாமா. என் கணக்குல தப்பிருந்தா?"

அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டார். "தப்பிருக்கும்னு நீயே சொல்றியா? இத எழுதிக்கலாமா?"

"எழுதிக்கங்க சார். தப்பு இருக்கலாம்னுதானுங்க சோதனையே. இல்லன்னு தெரிஞ்சா எதுக்குங்க இவ்ளோ மணலு?"

அதிகாரி எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை மதலைமுத்து பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தார்.

"ஏத்துங்கடா" என்றார்.

மத்தியானத்துக்குக் கால் மணி இருந்தபோது கடைசி மூட்டை ஏறியது.

5

டிரஸ் தாங்கியது. எட்டு மில்லிமீட்டர் வளைந்தது. மறுநாள் மூட்டைகளை இறக்கினார்கள். அதற்கும் மறுநாள், அளவு பார்க்க அதிகாரி வந்தார். எட்டில் ஆறு நிமிர்ந்து, மிச்ச வளைவு இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்தால் சான்று உண்டு, இல்லையென்றால் இல்லை.

முடிவு ஒன்று: ஒன்றரை மில்லிமீட்டர். மதலைமுத்து வாய்விட்டு அழுகிறார்.

முடிவு இரண்டு: மூன்று மில்லிமீட்டர். அதிகாரி எழுதிக்கொண்ட வரி அவள் கழுத்தைப் பிடிக்கிறது.

முடிவு மூன்று: அதிகாரி மனம் இளகி… (வேண்டாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

உண்மையான எண்ணை அக்கா எனக்குச் சொல்லிவிட்டாள். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதை வைத்துத்தான் அந்த அரை மணியை எடைபோடுவீர்கள். நிமிர்ந்திருந்தால் கெட்டிக்காரி, நிமிராவிட்டால் பிடிவாதக்காரி. மூட்டையை நிறுத்தச் சொன்னபோது அவளிடம் அந்த எண் இல்லை. உங்களிடமும் இருக்கக் கூடாது.

"யாரு ஏறிப் பாக்கறீங்க?" என்று அதிகாரி கேட்கிறார். மதலைமுத்து ராஜமேரியைப் பார்க்கிறார். ராஜமேரி ஏணியை உங்கள் பக்கம் தள்ளுகிறாள்.

பாரம் இறங்கிவிட்டது. இப்போது அடியில் போகலாம்.