இங்கே குடியிருக்கும் டைரக்டர்

அம்சவல்லி ஊருக்கு வந்ததே தூங்குவதற்குத்தான். சென்னையில் சட்ட மேற்படிப்பு; அதில் எல்லை தாண்டிய கம்பெனிச் சட்டம் என்று ஒரு பாடம். ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டில் பிள்ளை பெறும், அந்தப் பிள்ளை மூன்றாவது நாட்டில் ஒரு பேரனைப் பெறும். பேரன் ஊர்க்குடியைக் கெடுத்தால் தாத்தாவைப் பிடிக்கலாமா? பெரும்பாலும் முடியாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருஷமும் கண்ணுக்குக் கீழே கருவளையமும். தேர்வு முடிந்த கையோடு பஸ் ஏறி முத்துப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு வந்தால், வீடு பூட்டிக் கிடந்தது.

அம்மா கண்ணாத்தாள் இறால் பண்ணை கேட் முன்னால், தெருப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பண்ணை மோட்டார் கழிமுகத்திலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துக் குளங்களில் நிரப்புகிறது. குளம் கசிந்து வாய்க்காலில் கலக்கிறது. முதல் நாற்றங்கால் ஏற்கெனவே கருகிவிட்டது. மறுபடி விட்ட நாற்றும் நுனி சிவக்கத் தொடங்கியிருந்தது. மோட்டார் இப்படியே ஓடினால் இந்த வருஷம் சம்பா இல்லை, அவ்வளவுதான்.

கண்ணாத்தாளுக்குத் தெரிந்த போராட்டம் ஒன்றே ஒன்று. கூலி கேட்ட காலத்தில் தன் அம்மாவோடு பண்ணையார் வாசலில் போய் உட்கார்ந்தவள் அவள். வாசலில் பொம்பளைகள் பட்டினி கிடக்கும்போது உள்ளே இலை போட்டு உட்கார்ந்தாலும் எந்தப் பண்ணையாருக்கும் சோறு இறங்காது. முறைத்துக்கொண்டாவது வெளியே வருவார். இங்கே யார் வருகிறார்கள்? ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் இராஜாங்கம் மட்டும் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து, "கலெக்டர்கிட்ட பேசிட்டேன், கவலைய விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். போன ஆட்சியில் வேறு கரை வேட்டிக்காரர் இதையேதான் சொன்னார்.

"வாடி வா! மொதலாளி வீடு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு. அங்க போய் உக்காந்துடுறோம்" என்றாள் கண்ணாத்தாள்.

"சிங்கப்பூர்லம்மா."

"சிங்கப்பூர்ல எந்தத் தெரு?"

"தெருவா? அங்க இருக்கறதும் ஒரு கம்பெனிதாம்மா. அதுக்கு மேல மொரிஷியஸ்ல ஒண்ணு. அதுக்கும் மேல யாருன்னு எனக்கே தெரியாது."

"அட கடவுளே! அப்ப யாரு வாசல்லதான்டி இத்தன நாளா ஒக்காந்திருக்கோம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெருக்காரி ஆனந்தவல்லி தலையில் கைவைத்தாள்.

அம்சவல்லி சும்மா இருந்திருக்கலாம். படித்தது வாயில் வந்துவிட்டது. "ஒரு டைரக்டராவது இந்த நாட்டுல குடியிருக்கணும்னு சட்டம் இருக்கும்மா. கம்பெனி தப்பு பண்ணினா மொதல்ல அவரத்தான் புடிப்பாங்க."

"அந்தக் கட்டையில போறவன் யாருன்னு கண்டுபிடி. அவன் வாசல்ல உக்காரலாம்."

கேட்டுக்குள்ளிருந்து இவர்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வந்த இளையபெருமாள் அப்படியே நின்றுவிட்டார். பண்ணைக்கு வாட்ச்மேன் அவர்; கண்ணாத்தாளின் கூடப்பிறந்த தம்பி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அம்சம், இப்படி வா கண்ணு" என்று மோட்டார் ஷெட் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அது நான்தான்."

"எது மாமா?"

"இந்த டைரக்டரு. மேனேஜர் கார்ல கூட்டிட்டுப் போனாரு. போட்டோ புடிச்சாங்க, கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன்."

"என்னன்னு கேக்கலையா நீங்க?"

"கேட்டேன். பேருக்குத்தான்னாரு. உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப பண்ணையார் எங்கப்பா பேர்ல நெலம் எழுதி வச்சாரே, அந்த மாரின்னு நெனச்சேன். எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு? தீபாவளிக்கு வேட்டி வந்துச்சு."

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பண்ணையாட்களில் பலபேர் காகிதத்தில் நிலச்சுவான்தார்கள். விடிந்தால் அதே நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். அது தாசில்தாரை ஏய்க்கப் போட்ட பெயர். இது அடி விழுந்தால் வாங்குவதற்குப் போட்ட பெயர். இதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது? அவளுக்கு அசதியாக இருந்தது, எல்லார் மேலும் கோபமாக வந்தது.

"டைரக்டர் சொன்னா மோட்டார் நிக்குமா கண்ணு?" என்று அவரே கேட்டார்.

"நிக்கணும். ஆனா மாமா, நிறுத்திட்டா அப்பறம் 'நான் வெறும் வாட்ச்மேன், ஒண்ணும் தெரியாது'ன்னு நீங்க சொல்ல முடியாது. நாற்று கருகினதுக்குக் கேஸ் போட்டா உங்க மேலதான் வரும். கம்பெனிக்காரனும் உங்க மேல போடுவான்."

"ஜெயிலா?"

"இருக்கலாம்."

இளையபெருமாள் கேட் பக்கம் பார்த்தார். "அக்கா காலையிலேர்ந்து பச்சத்தண்ணிதான்" என்றார். பிறகு ஷெட்டுக்குள் போய், மோட்டார் ஓட்டும் வேம்புவிடம், "நிறுத்துப்பா" என்றார்.

"மேனேஜர் கேட்டா என்னண்ணே சொல்றது?"

"டைரக்டர் சொன்னாருன்னு சொல்லு."

மோட்டார் நின்றது. கேட்டில் குலவைச் சத்தம் கிளம்பியது. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, இராஜாங்கம் பட்டாசோடு வந்து சேர்ந்தார். கலெக்டர் தன் பேச்சைத் தட்டவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். அவரைத் திருத்தக்கூட அம்சவல்லிக்குத் தெம்பில்லை.

மாலைக்குள் விஷயம் கண்ணாத்தாளுக்குத் தெரிந்துபோனது. நேரே வந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அவர் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி, இவன் நல்லதுதானே பண்ணியிருக்கான்? இனிமே இவன யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"

பொய் சொல்லலாம்தான். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"முடியும்மா" என்றாள் அம்சவல்லி. "மாமாவ மட்டுந்தான் முடியும்."