சிங்கிள்

ஆற்றுப் பாலத்திலிருந்து குன்றுக் கோயில் வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். காலங்காலமாக ஜனங்கள் வரப்பிலும் செம்மண் தடத்திலும் நடந்தே போகிறார்கள். எனக்குக் கடவுளிடம் கேட்க ஒன்றுமில்லை. அவரும் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் மற்ற உறவுகளைவிட இது சுமுகம். எனக்கு வேண்டியது அந்த இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், அதுவும் தனியாக. கல்யாணமான பதினோரு வருஷத்தில் நான் நடந்ததெல்லாம் மாமியாரின் முழங்கால் வேகத்தில், இல்லையென்றால் கணவரின் கைக்கடிகார வேகத்தில். என் வேகம் என்ன என்பதே மறந்துவிட்டது.

சும்மா நடக்கப் போகிறேன் என்றால் எங்கள் வீட்டில் விடுப்பு கிடைக்காது. கோயில் என்றால் யாரும் குறுக்கே நிற்க முடியாது. கடவுளை ஒரு சிபாரிசுக் கடிதமாகத்தான் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கணவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை குன்றுக் கோயிலுக்கு நடக்கலாம்னு இருக்கேன். சிங்கிளா போறேன்."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் சில்லுகளைச் சட்டத்துக்கு ஏற்பத் தேய்ப்பவள். கூட வேலை செய்யும் பெண்கள் பேசிப் பேசி என் நாக்கிலும் ஒட்டிக்கொண்ட சொல் அந்த 'சிங்கிள்'. போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு என்று மாமியார் உள்ளேயிருந்து திருத்தினார். எனக்கு நேரமாகிவிட்டது. திருத்திக்கொள்ளாமலே படியிறங்கினேன்.

கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது கிளம்பி எங்கே எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். என் நடைக்கும் அட்டவணை தயார். 5.10 பாலம். 6.25 செங்கல் சூளை, தண்ணீர், 4 நிமிஷம். 7.40 பள்ளிக்கூடக் கழிப்பறை, 6 நிமிஷம். 9.05 ஏரிக்கரை, இயற்கைக் காட்சி, 3 நிமிஷம். இப்படி ஒன்பது நிறுத்தங்கள். மூன்று நிமிஷத்துக்குள் ஏரியை ரசித்து முடிக்காவிட்டால் மெமோ உண்டா என்று கேட்டேன். வேண்டுமானால் நாலாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

கடைசி வரி சிவப்பு மையில் இருந்தது: 'உடன் அம்மா. பின்னால் வாடகை வண்டி.'

மாமியாருக்கு ஏக உற்சாகம். முழங்கால் வலி தீர வேண்டும், மேல்வீட்டுக்காரியின் வாய் அடைபட வேண்டும்; இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் வாயை முதலில் அடைக்கட்டும் என்று கடவுளுக்குச் சலுகையும் கொடுத்துவிட்டு, பை எடுத்துவைக்க உள்ளே போனார்.

இனி பாலத்திலிருந்து குன்று வரை மேல்வீட்டுக்காரியின் கதைதான் கேட்க வேண்டும். எனக்கிருந்த ஒரே ஒரு நாள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. சண்டைக்கு வார்த்தை தேடிக்கொண்டு தாளையே வெறித்தபோதுதான் அதைக் கவனித்தேன். அவர் போடும் எந்த அட்டவணையிலும் இடப்பக்கம் 'போக', வலப்பக்கம் 'வர'. இதில் வலப்பக்கம் வெறும் வெள்ளை. கட்டம்கூடப் போடவில்லை.

"வர்ற பக்கம் எங்கேங்க?"

பேனாவை மூடினார். திறந்தார். "நீதானே சிங்கிள்னு சொன்னே."

பணிமனையில் சிங்கிள் என்றால் ஒரு பக்க ஓட்டம். போவது மட்டும்தான் கணக்கு. பதினோரு வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்து நான் கேட்டுவரும் சொல்.

முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது. தன்னை விட்டுப் போகிற மனைவிக்கு வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறதென்று மூன்று நாளாக இந்த மனிதர் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நிறுத்தி வைக்கிறது என் வேலை இல்லியே. நேரத்துக்கு அனுப்பறதுதான்." தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "அதான் அம்மாவைச் சேர்த்தேன். அவங்க மாத்திரையெல்லாம் இங்கதான் இருக்கு. கூட்டிட்டுத் திரும்பித்தானே ஆகணும்."

திரும்பி வராமல் இருக்கலாம் என்ற எண்ணமே அதுவரை எனக்கு வந்ததில்லை. அந்த வெற்றுப் பாதிதான் அதைக் காட்டிக் கொடுத்தது. கொஞ்ச நேரம், ஏரிக்கு அவர் ஒதுக்கியதைவிடச் சற்றே குறைவாக, அதை ரசித்துப் பார்த்தேன். அங்கே எனக்கு ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு சாவி. பிறகு அந்த அறையில் உட்கார்ந்து இவரைப் பற்றி யாரிடம் குறை சொல்வது என்று தோன்றியது. இவரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய பெயராக இருக்காது.

"சிங்கிள்னா ஆள் சிங்கிள்ங்க. தனியா. வண்டி சிங்கிள் இல்ல."

தாளின் வெற்றுப் பாதியைக் கையால் நீவினார். பிறகு, "அதைத் தனியான்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றார். அளவுகோலை எடுத்து வலப்பக்கம் மளமளவென்று கட்டம் போட ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இப்போது எதைக் கேட்டாலும் கொடுப்பார் என்று தெரிந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடும் அளவுக்கு நான் நல்லவளில்லை. அம்மா வேண்டாம், வண்டி வேண்டாம், மணியும் போட வேண்டாம், வருகிறபோது வருகிறேன் என்றேன்.

அம்மாவையும் வண்டியையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார். மணி இல்லாத கட்டம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. பேனா அதன் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், வண்டிக்கு எழுதுவதுபோல, 'வரும்' என்று எழுதினார்.

மாமியார் பையோடு வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும் என்று கேட்டார்.

"நீ வரலம்மா. இடம் இல்ல."

"நடந்து போறதுக்கு என்னடா இடம் இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உதவிக்குப் போகவில்லை.