குருபரப்பள்ளியில் ஆறும் எஞ்சின்

சௌந்தரராஜனுக்குப் பர்கூரில் கல்குவாரி இருந்தது, மாடி வீடு இருந்தது, போதாக்குறைக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் இருந்தது. பெங்களூரை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய வருஷமே முழங்காலில் ஆபரேஷன் ஆகி, கிளட்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியில் இரண்டே சீட். டிரைவர் கோவிந்தப்பன் ஓட்ட, முதலாளி தோளோடு தோள் இடிபட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஆசைப்பட்டு வாங்கிய வண்டியை அடுத்தவன் ஓட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஓசூரில் கிரானைட் பாலிஷ் போடும் ஃபேக்டரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்ததால் அடிக்கடி போகவேண்டியிருந்தது. வழியில் குருபரப்பள்ளியில் டீ. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பிறகு அங்கே ஒரு தொல்லை ஆரம்பித்தது. காலையில் பர்கூரில் ஒரே திருகலில் கிளம்புகிற வண்டி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டுப் படுத்துவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

அதே ஊரில்தான் கோவிந்தப்பன் தன் மகள் முனிலட்சுமியைக் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குக் கைக்குழந்தை. எஞ்சின் ஆறுவதற்குள் அவர் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவார். முதலாளி டீக்கடை பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில தடவை இப்படி ஆன பிறகு அவருக்குக் கணக்கு உதைத்தது. இந்த வண்டி அடுத்து வருகிற சூளகிரியில் ஏன் மக்கர் பண்ணுவதில்லை? சூளகிரியில் அவர்கள் நிறுத்துவதே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. பேத்தியைப் பார்க்க டிரைவரே ஏதோ செய்கிறான் என்றுதான் தோன்றியது.

புது பேட்டரி போட்டாயிற்று. கிருஷ்ணகிரியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று. பெட்ரோல் ஆவியாகிறது, குழாயில் ஈரத்துணி சுற்றுங்கள் என்றார் ஒரு மேதாவி, அதையும் சுற்றியாயிற்று. கடைசியாக ஓசூரில் ஒருவரிடம் காட்டுவது, அவரும் கோளாறு எதுவும் இல்லை என்றால் கோவிந்தப்பனை வேலையை விட்டு அனுப்பிவிடுவது என்று சௌந்தரராஜன் முடிவு கட்டினார். அதைக் கிருஷ்ணகிரி தாண்டும்போது அவரிடமே சொன்னார். ஐம்பதைத் தாண்டிய டிரைவரை இனி யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? சரிங்க என்றார் கோவிந்தப்பன். அன்று டீக்கு நிறுத்தவில்லை.

ஆட்டோ எலெக்ட்ரீசியன் அழகர்சாமி விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் பிழைக்க வந்து கடை போட்டவர், முன்கோபி. சௌந்தரராஜன் டிரைவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும், சூடு ஆறுவதற்குள் பார்க்கணும், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அடக்கிவிட்டார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார், மறு முனையை எஞ்சின் மேல் வைத்தார், கோவிந்தப்பனைச் சாவியைத் திருகச் சொன்னார். ஊசி இருந்த இடத்தில் இருக்கவேண்டும். அது துள்ளி எழுந்தது. அடுத்து ஒரு தடித்த கேபிளை எடுத்து அதே இரண்டு இடத்துக்கும் பாலம் போட்டுவிட்டு, மறுபடி திருகச் சொன்னார். கொதிக்கிற எஞ்சின் உடனே கிளம்பியது.

பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் எஞ்சின் வழியாக பேட்டரிக்கே திரும்ப வேண்டும், அந்தத் திரும்புகிற வழி அடைத்துக் கிடக்கிறது என்று விளக்கினார். ஆறின வண்டி எப்படியோ சமாளித்துவிடும். சூடேறின ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், அதற்குத்தான் வழியில்லை. சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் போய், எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டையைக் கழற்றினார். பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் இருந்தது. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது.

"யாருய்யா இங்க போயி பெயிண்ட் அடிச்சது?"

"நாந்தானுங்க. பூஜைக்கு அடிச்சேன். பட்டையக் கழட்டி, துருவெல்லாம் தேச்சு, ரெண்டு கோட்டு."

கோவிந்தப்பன் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. முதலாளி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

அழகர்சாமி அவரை மறுபடி உட்காரவைத்தார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் இந்த ஊரில் பெயிண்ட் படாத லேத் உண்டா, லாரி உண்டா என்று கேட்டார். பூஜை முடிந்ததும் இதே கோளாறோடு டிராக்டர்கள் வரிசை கட்டும் என்றார். போன வருஷம் அழகர்சாமியே தன் பேட்டரி சார்ஜரின் கிளிப்புக்கும் சேர்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டு, ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று முழித்துக்கொண்டிருந்தாராம். சௌந்தரராஜன் சிரித்துவிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரும்பு தெரிந்ததும் பட்டையை மாட்டி இறுக்கினார் அழகர்சாமி. கோவிந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்தார்.

திரும்பும்போது முதலாளியே குருபரப்பள்ளியில் நிறுத்தச் சொன்னார். டீ குடித்தார். வண்டியில் ஏறி, எடு பார்க்கலாம் என்றார். கோவிந்தப்பன் சாவியைத் திருகினார். எஞ்சின் உடனே கிளம்பியது. சௌந்தரராஜனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கோவிந்தப்பன் கியர் போடவில்லை. இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவர் எதையும் கேட்டதில்லை. இவ்வளவு நாள் கேட்கவேண்டிய தேவையும் இல்லாமல் எஞ்சின் பார்த்துக்கொண்டது. இன்று முதலாளி நல்ல மனநிலையில் இருக்கிறார், பழியும் நீங்கிவிட்டது, கேட்டால் என்ன என்று நினைத்தார்.

"மொதலாளி, ஒரு பத்து நிமிசம் குடுத்தீங்கன்னா, பேத்தியப் பாத்துட்டு ஓடியாந்துடுவேனுங்க."

சௌந்தரராஜன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ரோட்டைப் பார்த்தார், அப்புறம் கோவிந்தப்பனைப் பார்த்தார்.

"அப்ப நான் நெனச்சது சரிதான், வேணும்னேதான் பெயிண்ட் அடிச்சிருக்க," என்றார். "அந்த ஓசூர்க்காரன் நல்லவன், உன்னக் காப்பாத்திட்டான்."

கோவிந்தப்பனுக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது. இனி இந்த வண்டியில் ஒரு ஆணி கழன்றாலும் முதலாளி கண்ணுக்கு அது அவர் கை வேலையாகத்தான் இருக்கும். எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த சீட்டில் வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ரோட்டைக் கடந்தார். பின்னால் முதலாளி பேர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது.

பேத்தி விழித்துக்கொண்டிருந்தாள். முனிலட்சுமி வாசலுக்கு வந்து, "இன்னிக்கி வண்டி ஆற எவ்ளோ நேரம் ஆவும்பா?" என்று கேட்டாள்.

"அவசரமில்லம்மா," என்று சொல்லிவிட்டு, அவர் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.