காத்து பத்தாத பிள்ளை

மனிதகுலம் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததே ஆசிரியர்களால்தான் என்பது ஹெட்மாஸ்டர் சீனுவாசனின் அசைக்க முடியாத கருத்து. அதை அமல்ராணியிடம் விளக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, அவள் மகளை வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எண்பத்து நாலாம் வருஷம். இருதயசெல்வி இரண்டாம் வகுப்பு. மணி அடித்தால் மிரளுவாள். அதட்டினால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள், இழுத்தால் கடிப்பாள். ஒருமுறை மிரண்டால் அடங்குவதற்குள் பள்ளிக்கூடமே விட்டுவிடும். திண்டிவனத்தில் இது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். நாலாவதைத் தேட அமல்ராணிக்குத் தெம்பில்லை. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதில், டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்படி ஒரு தவணை கிடைத்தது.

விழுப்புரம் போகும் வரை பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பிள்ளை அவள் தோளில் நகத்தைப் பதித்தது. டாக்டர் வெங்கடாசலம் பிள்ளையைவிட அம்மாவைத்தான் அதிகம் விசாரித்தார். மாசமாக இருந்தபோது ரத்தமில்லாமல் ரைஸ் மில் களத்தில் மயங்கி மயங்கி விழுந்ததை அவள் சொன்னாள். வயிற்றிலேயே பிள்ளைக்கு ஆக்ஸிஜன் சரியாகப் போயிருக்காது என்றார் அவர். புத்தியில் குறையில்லை, பயந்தால்தான் உடம்பு லேசில் அடங்காது, சத்தமில்லாத இடமாக உட்கார வைத்து அதட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவ்வளவையும் தூக்கிக்கொண்டு வர முடியாமல், அமல்ராணி தன் பாஷையில் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

"வயித்துலயே காத்து பத்தலையாம் சார்."

சீனுவாசன் எழுந்தே விட்டார். "காத்து பட்டுச்சு, கருப்பு அடிச்சுச்சுனு சொல்லிக்கினு வர்றதுக்கு இது என்னம்மா, மந்திரிக்கிற எடமா?"

"பட்டுச்சுனு சொல்லல சார். பத்தலனு சொன்னேன்."

அவர் உட்கார்ந்தார். விஷயம் விஞ்ஞானம் என்று தெரிந்த பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சத்தம் ஆகாது என்று அவள் சொல்ல வந்தபோது அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கே ஒரு ஃபேன்தான், அது அவர் தலைக்கு மேலே இருந்தது.

"காத்துதானே பத்தல? இங்கியே உக்காரட்டும்."

சொத்தை எழுதிக் கொடுப்பவர் போல நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். ஃபேன் கடக் கடக்கென்று சுற்றியது. பிள்ளை மேசைக்கு அடியில் புகுந்தது. இழுக்கப் போன பியூன் முத்துசாமி கடி வாங்கினான். டோஸ் போதவில்லை என்று சீனுவாசன் ரெகுலேட்டரைக் கடைசி வரை திருகினார். வாசலில் உட்காரவைக்கப்பட்டிருந்த அமல்ராணி தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட் லூர்துநாதன் வருகிறார் என்று சீனுவாசன் விடிந்ததுமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது, இருதயசெல்வி அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். சீனுவாசனுக்குக் குரல் தழுதழுத்தது.

"நேத்து வரைக்கும் கடிச்ச பொண்ணு சார் இது. வெறும் காத்து. வேற ஒண்ணுமில்ல, வெறும் காத்து. இனிமே இது இங்கதான் படிக்கும், நான் பொறுப்பு." வாசலைப் பார்த்துத் திரும்பினார். "என்னம்மா, சரிதானே?"

"சரிதாங்க சார்" என்றாள் அமல்ராணி.

லூர்துநாதன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். ஃபேன் சுற்றவில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை.