ஜெயித்தால் அச்சடிக்கும் பெட்டி

"மாசத்துக்கு எத்தனை போட்டோ பிரிண்ட் போடுவீங்க?" என்று கேட்டார் கடைக்காரர் நெவில்.

"மாசக் கணக்கெல்லாம் இல்லை. ஜெயிச்சா போடுவேன்," என்றாள் மோய்ரா.

"என்ன ஜெயிச்சா?"

"நெட்பால் கோப்பை. எங்க குர்ராலா பொண்ணுங்க."

"சரி. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ஜெயிப்பாங்க?"

"நாப்பது வருஷத்துல மூணு தடவை."

நெவில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். முப்பது வருடமாகப் பிரிண்டர் விற்கிறவர். கல்யாணத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பேரன் பிறந்ததற்கு என்று வந்து வாங்கியவர்கள் உண்டு. பதின்மூன்று வருடத்துக்கு ஒரு படம் போட வந்த ஆள் இவள்தான்.

"அதுக்கு எதுக்கு அம்மணி பிரிண்டர்? போனிலேருந்து அனுப்பினா நகரத்துல போட்டுக் குடுத்துடுவாங்க. ஒரு வாரத்துல தபால்ல வந்துடும்."

"ஒரு வாரம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை மத்தியானம் படம் என் கையில இருக்கணும். ஞாயிறு நீங்க கடை திறப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன? பிரிண்டரைக் காட்டுங்க."

மோய்ரா ட்ரெவாஸ்கிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குர்ராலா நெட்பால் அணிக்கு இருபத்தாறு வருடமாகக் கோச். பல்லைப் பிடுங்குவதற்குக்கூட இந்தப் பெரிய ஊருக்கு வரச் சோம்பல்படுவாள். ஒரு மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறாள் என்றால் விஷயம் அவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் கிளப் கூடத்துச் சுவர். குர்ராலா கோதுமை விளைகிற சின்ன ஊர், கிளப் ஒன்றுதான். ஆண்களுக்கு ஃபுட்பால், பெண்களுக்குக் கூடைப்பந்து மாதிரியான நெட்பால், பெயர்ப் பலகையில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். உள்ளே போனால் சுவர் முழுக்க ஃபுட்பால்காரர்கள். ஜெயித்த வருடத்துப் படம், தோற்ற வருடத்துப் படம், வெள்ளம் வந்து ஆட்டமே நடக்காத வருடத்துப் படம்கூட உண்டு. கை கட்டி, தொடை தெரிய, வரிசையாக நிற்பார்கள். பெண்களின் படம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பதில் வரும். அந்த அடுத்த வருடம் குர்ராலாவுக்கு வந்ததே இல்லை.

மோய்ராவும் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள்தான். போன மார்ச்சில் கோரல் செத்துப்போனாள். எண்பத்து நாலில் முதல் கோப்பை வாங்கிய அணிக்குக் கோரல் கேப்டன், மோய்ரா பக்கத்தில் நின்று ஆடியவள். சவ அடக்கத்தன்று மாதா கோவிலில் வைக்க, கோப்பையோடு இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று கோரலின் மகள் டெஸ் கிளப்பில் கேட்டாள். கிளப்பில் தேடினார்கள். படம் இல்லை, எடுத்ததே இல்லை. அந்த வருடம் ஏழாவதாக வந்த ஃபுட்பால் அணி மட்டும் சுவரில் தெளிவாக இருந்தது. மோய்ராவுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்று இருந்தாள்.

மே மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். தலைவர் டாரில் லாங்கெ அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மோய்ரா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். பரிசளிப்பு ஞாயித்துக்கிழமைதான் படம் மாட்டற நாள். அன்னிக்குக் கையில படம் இருந்தா ஆணி அடிக்கிறோம். இல்லேன்னா அடுத்த வருஷம்," என்றார். இறுதி ஆட்டம் சனிக்கிழமை. ஃபுட்பால்காரர்கள் ஏப்ரலிலேயே படம் எடுத்துச் சட்டம் போட்டு வைத்துவிடுவார்கள். பெண்களுக்கு ஜெயித்தால்தான் படம் என்பது கிளப் வழக்கம், அதனால் ஒரே ராத்திரிதான் அவகாசம். டாரில் கணக்குப் போட்டுத்தான் பேசினார்.

"எழுதிக்கோ," என்று செயலாளரிடம் சொன்னாள் மோய்ரா. "கையில படம் இருந்தா ஆணி. வார்த்தை மாறாம எழுது."

அதனால்தான் நெவில் கடை.

நெவில் முதலில் பெரிய இங்க் பிரிண்டரைத் தட்டிக் காட்டினார். பிறகு தானே தலையை ஆட்டினார். "இது வேணாம். வாரம் ஒரு தடவையாவது இதுகிட்ட வேலை வாங்கணும். சும்மா கெடந்தா மூக்கு அடைச்சுக்கும். அடைப்பை எடுக்கிறேன்னு பாதி மையை அதுவே குடிச்சுடும்."

"தெரியும். எங்க பக்கத்து வீட்டுல ஒண்ணு இருக்கு. கிறிஸ்துமஸுக்கு எடுத்தா எல்லாரும் பச்சை மூஞ்சியா வந்தாங்க."

"லேசர் காயாது. ஆனா முகத்தை மாட்டுச் சந்தை நோட்டீஸ் மாதிரி அடிக்கும்."

கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து ரொட்டி டப்பா அளவு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இதுல தண்ணி மையே கிடையாது. சாயம் பூசின நாடா. சூடு பட்டா சாயம் காகிதத்துல ஏறும். மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், மேல ஒரு பூச்சு. காகிதம் நாலு தடவை உள்ள போய் வெளிய வரும். நாடாவைப் பிரிக்காம, வெயில் படாம வெச்சிருங்க. வருஷக்கணக்கா தூங்கினாலும் எழுப்பினா எழுந்துக்கும்."

"குறை என்ன? குறையை முதல்ல சொல்லுங்க."

"அஞ்சல் அட்டை அளவுதான் வரும். அதுக்கு மேல ஒரு விரல்கூட கிடையாது."

மோய்ரா கிளப் சுவரை நினைத்துப் பார்த்தாள். அங்கே ஒவ்வொரு படமும் ஜன்னல் அளவு. "விதியில அளவு சொல்லலை," என்றாள். "கட்டுங்க."

வீட்டில் ஒரே ஒரு படம் சோதித்துப் பார்த்தாள், பூனையை. பிறகு பெட்டியை விரிப்புத் துணிகளுக்கு நடுவே வைத்து அலமாரியை மூடினாள். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோலில் தோற்றார்கள். மறு வருடம் அரை இறுதியோடு சரி. டாரிலுக்குப் பேச்சுக் கிடைத்தது. பெட்ரோல் பங்கில் பார்த்தாலும், "என்ன மோய்ரா, உன் பெட்டி முட்டை போட்டுச்சா?" என்பார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"அடைகாக்குது டாரில். நீ ஆணியைத் துருப்பிடிக்காம வெச்சுக்கோ," என்பாள் இவள்.

மூன்றாம் வருடம் கிளப்புக்கு நூறு வயது. ஃபுட்பால் அணி பதினாறு ஆட்டம் ஆடிப் பதினைந்தில் தோற்றுக் கடைசியாக வந்தது. பெண்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே கோலில் கோப்பையைத் தூக்கினார்கள். கடைசி நொடியில் எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டது கோல் காக்கும் டெஸ், கோரலின் மகள், முப்பத்தேழு வயது, ஆறடி. மார்பில் ஆடும் இடத்தின் எழுத்தைக் கட்டிக்கொண்டு பத்துப் பேரும் நின்றார்கள். மோய்ரா போனில் படம் எடுத்தாள். நாலைந்து தடவை எடுத்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சமையல் மேஜையில் பெட்டியை வைத்தாள். டெஸ் டீ போட்டாள். இரண்டு வருடம் நாலு மாதம் தூங்கிய பெட்டி. நாடாவைப் பிரித்துச் செருகினாள். ஒன்றும் அசையவில்லை. மோய்ரா நாடாவை வெளியே இழுத்து மறுபடி செருகினாள். பிறகு ஒரு பச்சை விளக்கு எரிந்து, காகிதம் மெல்ல உள்ளே போனது.

முதலில் மஞ்சள். பத்துப் பேரும் காமாலை வந்தவர்கள்போல நின்றார்கள். அடுத்து சிவப்பு, உடம்பில் ரத்தம் ஏறியது. நீலம் வந்ததும் சீருடை கருப்பானது, கோப்பை பளபளத்தது. கடைசிப் பூச்சோடு காகிதம் வெளியே விழுந்தது. மோய்ரா எடுத்துப் பார்த்தாள். டெஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கோச், என் தலை எங்க?"

தலை இல்லை. உயரமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்துவது ஊர் வழக்கம். போன் படம் உயரம் கூட, காகிதம் உயரம் கம்மி. பெட்டி மேலேயும் கீழேயும் தானாகவே வெட்டிவிட்டது. கீழே ஷூவும் புல்லும் போயின, மேலே டெஸ்ஸின் தலை போயிருந்தது. கோரலுக்குப் படமே இல்லை, அவள் மகளுக்குத் தலை இல்லை. மோய்ரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓரத்துல வெள்ளை விட்டு எடுத்தா முழுசா வரும்," என்றாள் டெஸ்.

"வரும். மூஞ்சி பட்டாணி அளவு வரும். டாரில் அதைக் கொண்டுபோய்க் கழிப்பறைக் கதவுக்கு மேல மாட்டுவான்." எழுந்து போனை மறுபடி எடுத்தாள். "எதுக்கு எல்லாரையும் ஒரே காகிதத்துல அடைக்கணும்? ஆளுக்கு ஒண்ணு போடுவோம். கையில படம் இருந்தா ஆணின்னுதான் எழுதியிருக்கு. எத்தனை படம்னு எழுதலை."

பத்து மணிக்குள் பத்து முகமும் வந்துவிட்டன. இரண்டாயிரத்து ஒன்பதிலும் இரண்டாயிரத்துப் பதினாறிலும் கோப்பை வாங்கிய அணிகளின் படங்கள், யார் யார் போனிலோ கிடந்தவை, அவையும் வந்தன. டெஸ் மேஜையில் அவற்றை எண்ணிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்தாள்.

"இன்னிக்குப் பரிசளிப்பு அறிவிப்புல என்ன போட்டிருக்கு கோச்?"

எப்போதும் போடுவதுதான்: பெண்கள் ஆளுக்கொரு தட்டு. தட்டு என்றால் அதன்மேல் தின்பண்டம் என்பது குர்ராலாவில் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த டாக்டரம்மா ஒரு தடவை வெறும் தட்டோடு வந்து நின்றதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மோய்ரா டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்து மற்றப் பெண்களைக் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டரைக்குக் கிளப் கூடத்து நீள மேஜையில் தட்டுகள் வந்து உட்கார்ந்தன. ஆண்கள் பசியோடு நெருங்கினார்கள். முதல் தட்டில் சாண்ட்விச் இல்லை, ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் இன்னொருத்தி. இப்படியே பத்து, பிறகு பழைய அணிகள் இரண்டு. பதின்மூன்றாவது தட்டை டெஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு எங்க?" என்றார் டாரில்.

"தட்டு கேட்டீங்க, கொண்டு வந்தோம். படம் கேட்டே, அதுவும் கையில இருக்கு. ஆணியை எடு," என்றாள் மோய்ரா.

"இதெல்லாம் போஸ்ட் கார்டு சைஸ் மோய்ரா!"

"செயலாளரே, அளவு எழுதியிருக்கா பாருங்க."

செயலாளர் நோட்டைப் புரட்டினார். "இல்லை," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், அவர் மகளும் ஒரு தட்டில் இருந்தாள்.

டாரில் டெஸ்ஸின் தட்டை எட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே?"

"இது எண்பத்து நாலு," என்றாள் டெஸ். "எங்கம்மா. நீங்க எடுக்காத படம்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. டாரிலுக்குக் காது சிவந்தது. அவரும் கோரலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்தான். "சுவர்ல இடம் இல்லையே," என்றார், குரல் இறங்கி.

மோய்ரா நடுவில் இருந்த ஜன்னல் அளவுச் சட்டத்தைக் காட்டினாள். "அதை எடு."

"அது நூறாவது வருஷப் படம்! நானே நடுவுல உட்கார்ந்திருக்கேன்!"

"கடைசி இடத்துல வந்த அணி டாரில். எடு."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஆதரவுக்கு ஒரு ஃபுட்பால்காரனும் வரவில்லை. பாதிப் பேருக்குத் தட்டில் பெண்டாட்டியோ தங்கையோ இருந்தாள். இருவர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். டாரில் ஏறித் தன்னையே இறக்கினார். காலியான இடத்தில் பன்னிரண்டு படமும் நாலு வரிசையாக ஏறின. டெஸ்ஸின் வெறும் தட்டைக் கம்பி கட்டி எல்லாவற்றுக்கும் மேலே மாட்டினார்கள். மோய்ராவுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

கடைசி ஆணி இறங்கியதும் டாரில் சுத்தியலோடு திரும்பினார். "இப்பவாவது ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா?"

மோய்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டு கார்ச் சாவியை மேஜையில் வைத்தாள். டெஸ் தன் சாவியை வைத்தாள். மற்ற பெண்களும் வரிசையாக வைத்தார்கள்.

"சாண்ட்விச், கேக், சாஸேஜ் ரோல் எல்லாம் கார் டிக்கியில இருக்கு," என்றாள் மோய்ரா, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டே. "போய் எடுத்துட்டு வாங்க. எங்களுக்கு முதல்ல பரிமாறுங்க."