நீலக் கைமடிப்பு

காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது கலீல் ரஹ்மானின் பட்டறை. கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. வெளிநாட்டில் மேசை மேல் போர் விளையாடுகிறவர்கள் வாங்குவார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் காலாட்படை என்றால், என்ன உடுப்பு என்று தாள் வந்துவிடும். கோட்டு சாம்பல். கைமடிப்பு சிவப்பு. பொத்தான் வெள்ளி நிறம். தாளைத் தாண்டக் கூடாது.

கைமடிப்பும் பொத்தானும் மருதாசலத்தின் பங்கு. பெருந்துறையில் பிரஸ் மெஷின் இடது கையில் இரண்டு விரலைத் தின்ற பிறகு, வலது கையை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். தை மாதத்திலிருந்து அதுவும் நடுங்கியது. பாய்க்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

அன்று மதியம் சாப்பிட்டதும் மேசையிலேயே கண்ணசந்தார். விழித்தபோது முன்னால் இருந்த இருபது சிப்பாய்களும் முடிந்திருந்தன. ஒரு பிசிறு இல்லை. ஆனால் கைமடிப்பு நீலம்.

பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "ஏனுங்க, தாள்ல செவப்புன்னு கொட்டை எழுத்துல இருக்குது. கண்ணை ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா?"

"மாத்திப்போடறேனுங்க பாய்."

அதற்குள் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரருக்குப் போட்டோ போய்விட்டிருந்தது. மறுநாள் காலை பதில் வந்தது. தாள்தான் தப்பு. அந்தப் படைக்குத் துணி எடுத்த பழைய கணக்கேடு போன வாரம்தான் அந்த ஆள் கையில் சிக்கியதாம். அதில் நீலம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார்.

"உங்காளுக சொல்ற முன்சென்மத்துல அங்க தையக்காரனா இருந்தீங்களாட்ட இருக்குது," என்று பாய் சிரித்துக்கொண்டே கீழே போனார்.

பக்கத்து மேசையில் சபுரா தொப்பிகளுக்குக் கறுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மருதாசலம் மெதுவாகக் கேட்டார்.

"நேத்து நான் தூங்கறப்ப இங்க யாராச்சும் உக்காந்தாங்களா, அம்மணி?"

"இல்லீங்கண்ணா. நீங்கதான் அடிச்சீங்க."

"தூங்கீட்டில்ல இருந்தேன்."

"ஆமாங்க. கொறட்டை விட்டுட்டேதான் அடிச்சீங்க." பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "எடது கையிலீங்க."

"இந்தக் கையில பிரஷ் எப்படி நிக்கும்?"

"அதைத்தானுங்க பாத்துட்டிருந்தேன். வெரல் இல்லாத எடத்துல நின்னுச்சு. எழுப்பலாம்னுதான் வந்தேன். கிட்ட வர முடியலீங்க."

மருதாசலம் இடது கையைப் பார்த்தார். பதினோரு வருடமாக, இல்லாத அந்த விரல்கள் வலிக்காத நாளில்லை. நேற்று மதியத்திலிருந்து வலிக்கவில்லை.

மறுபடி படியேறி வந்த பாய் ஒரு பெட்டியை அவர் முன்னால் வைத்தார். "நாப்பது பேரு. இதுக்குத் தாளே கிடையாது. உங்க இஷ்டத்துக்குப் போடச் சொல்லீட்டாரு அந்த ஆளு. ஆகுமுங்களா? இல்லாட்டி வேற ஆளைப் பாக்கட்டுமா?"

பாய்க்குப் பின்னால் நின்று சபுரா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மருதாசலம் நடுங்கும் வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஆகுமுங்க."

பாய் போனதும் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தினார். எல்லா நிறப் புட்டிகளையும் திறந்து இடது பக்கம் நகர்த்தினார். பிறகு மேசையில் தலையைச் சாய்த்தார்.

சபுரா தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.