விட்டுப் பழகிய கை

இருபத்திரண்டு வருஷமாக அவர் ஆற்றில் பிடித்த ஒரு மீனையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கடைத்தெருவில் அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மீன்பிடிச் சங்கத்திலோ அவருக்கு 'விடுதலை' என்று பெயர். சங்கத்துச் சுவரில் 'பிடி, பார், விடு' என்று பெயின்டால் எழுதி வைத்தவர் அவர்தான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கேட்டாள்: "ஆத்துல இருந்து ஒரு ட்ரவுட் மீன் கொண்டு வாங்களேன். சாப்பிடணும் போல இருக்கு."

ஒரு மாதக் காய்ச்சலில் அவளுக்கு நாக்குச் செத்துப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் இரண்டு ஸ்பூன், பிறகு தட்டு தள்ளிப் போய்விடும். எடை இன்னும் இறங்கினால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளாக வாய்திறந்து ஒன்று கேட்டது அன்றுதான்.

"கடையில நல்லதாப் பாத்து வாங்கிட்டு வரேன்."

"கடை மீனா? கல்யாணமான புதுசுல கரையில வச்சுப் பொரிச்சோமே, அது."

அவருக்கு அந்த வருஷங்கள் அப்படியே கண்முன் வந்து நின்றன. பழைய சைக்கிளின் பின்னால் அவள். அவள் மடியில் வாணலி, உப்பு டப்பா, வெண்ணெய்ப் பொட்டலம். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசுவார். அவள் மூன்று கல் கூட்டி நெருப்பு மூட்டிவிட்டு, "வெண்ணெய் உருகறதுக்குள்ள வருமா, நான் தூங்கட்டுமா?" என்று கரையிலிருந்து கத்துவாள். மீன் தண்ணீரை விட்டு வந்த கால் மணி நேரத்தில் வாணலியில் கிடக்கும். தட்டு கிடையாது. விரலைச் சுட்டுக்கொண்டே தின்பார்கள்.

பிறகு ஒரு கோடையில் கைராசி கூடி வந்தது. ஒரே நாளில் பதினொரு மீன். இருந்ததோ இரண்டு வயிறு. நாலைத்தான் தின்ன முடிந்தது. மற்ற ஏழு மீனையும் வீட்டு ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து அவள் கேட்டாள், "திங்க முடியாததை எதுக்குக் கொல்லணும்?" அந்தக் கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. அன்றோடு மீனைக் கொல்வதை நிறுத்தியவர்தான்.

"நீதானே அன்னிக்கு அப்படிக் கேட்டே?" என்றார் இப்போது.

"நான் கேட்டது அந்த ஏழு மீனுக்கு. நீங்க ஆத்துல இருக்கற மொத்த மீனுக்கும் சேத்துல்ல சத்தியம் பண்ணிட்டீங்க."

ஆற்றுக்கு மைத்துனனும் கூட வந்தான். மனைவியின் தம்பி, பல் டாக்டர். வருஷக்கணக்காக இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறுதான்.

அவருடைய தூண்டிலில் புழு இல்லை. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த ஒரு பொய் ஈ, அவ்வளவுதான். அதற்குக் கனமே கிடையாது, ஊதினால் பறக்கும். அதை எப்படித் தூரமாக எறிவது? கனமெல்லாம் கயிற்றில் இருக்கிறது. கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி நீளவிட்டால், அது போகிற போக்கில் ஈயையும் இழுத்துக்கொண்டு போய் நீர்மேல் பூப்போல இறக்கும். கொக்கி நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன முள் இருக்கும். மாட்டிய மீனை நழுவவிடாதது அதுதான். அவர் எல்லாக் கொக்கியிலும் அந்த முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவார். பிடித்ததை விடுவதற்கு அது வசதி.

பத்து மணிக்கு முதல் மீன் மாட்டியது. முழங்கை நீளம், வயிறெல்லாம் பொன்நிறம், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள். அவர் வழக்கம்போல் கையை நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்பு போய்விடும், அது போனால் தோலில் நோய் ஏறும். மீனை நீரிலேயே வைத்துக் கொக்கியை ஒரு திருப்புத் திருப்பினார். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தார். அப்போதுதான் வாய்வழி நீர் புகுந்து செவுளில் மூச்சு வரும். வால் ஒரு முறை உதைத்தது. கையைத் திறந்தார்.

மீன் போய்விட்டது.

அவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா," என்றான் மைத்துனன் மெதுவாக. "அக்காவுக்குக் கையை மோந்து பாக்கக் குடுக்கப் போறீங்களா?"

"அது பாட்டுக்குப் பண்ணிடுச்சு, மாப்ள."

"எது?"

"கைதான்."

மைத்துனன் சிரித்துச் சிரித்து இருமினான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவள் பசியோடு காத்திருக்கிறாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த பசி. அது எத்தனை மணி வரை தங்கும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது வர மதியமாகிவிட்டது. விரல் நீளக் குஞ்சு, சட்டப்படி விட்டே ஆக வேண்டிய அளவு. கொக்கி செவுளில் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த அத்தனை பக்குவத்தோடும் விட்டார். நாலு முழம் நீந்திப்போய் மெல்லப் புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டியபடி ஓட்டத்தில் போனது.

அவர் அது வளைவில் மறைகிற வரை பார்த்தார். பழுதுபார்த்த கடிகாரம் நின்றுபோனால் மறுநாளே ஆள் திரும்பி வந்து மேசையில் வைத்துவிடுவான். விட்ட மீன் திரும்பி வந்து எதையும் சொல்வதில்லை. நீந்திப் போனதெல்லாம் பிழைத்தது என்றே இத்தனை வருஷமும் எண்ணிவந்திருக்கிறார்.

"நாம விட்டதுல எத்தனை இப்படிப் போயிருக்கும், மாப்ள?"

"நிறைய பொழச்சிருக்கும் மாமா. இல்லேன்னா ஆத்துல இன்னிக்கு மீன் ஏது?"

"நிறையதான். எல்லாம் இல்ல."

மூன்று மணி வெயிலில் பாறை நிழலிலிருந்து மூன்றாவது வந்தது. சரியான அளவு, காயம் எதுவும் இல்லை. இந்த முறை அவர் மீனைக் கைவலையில் ஏந்திக் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் குனிந்தார்.

மைத்துனன் பக்கத்தில் வந்தான். "குடுங்க மாமா, நான் பண்றேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

"வேண்டாம்டா. திங்கப் போறது என் வீட்ல."

கட்டை விரல் பருமனுள்ள குச்சியை எடுத்தார். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், உச்சியில், ஒரே அடி. தயங்கி அடித்தால்தான் மீனுக்கு வேதனை. அவர் தயங்கவில்லை. மீனின் உடம்பு ஒரு முறை நடுங்கி அடங்கியது. பொன்நிறம் மங்கத் தொடங்குவதை அவர் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

வீட்டில் அவரே கழுவி, உப்பும் மிளகுத்தூளும் தடவி வெண்ணெயில் பொரித்தார். வாசனைக்கே அவள் கட்டிலை விட்டு எழுந்து சமையலறை நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

"தீயைக் குறைங்க. தோல் கருகுது."

"நோயாளி பேசக் கூடாது."

அவள் முதல் வாயை மென்று கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் வாய், மூன்றாம் வாய். ஒரு பக்கச் சதை முழுக்கப் போயிற்று. பிறகு நடுமுள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வயிறு நெறஞ்சிடுச்சு. இந்தப் பக்கம் உங்களுக்கு."

"எனக்கா? எனக்கு வேண்டாம்மா."

"அப்ப குப்பையில போடவா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிச்சத்தை விரலால் பிய்த்து வாயில் வைத்தார். ருசியாக இருந்தது. அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் மனதுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலை குனிந்து, முள்ளில் ஒட்டியிருந்தது வரை தின்று முடித்தார். அவள் எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.